கட்டி தட்டுப்படாத மார்பகப் புற்றுநோய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த மார்பகப் புற்றுநோய்க் கட்டுரை, மாதம் ஒருமுறை தடவிப் பார்த்து, கட்டி தட்டுப்பட்டால் உடனே டாக்டரிடம் போகச் சொல்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு இது சரியான அறிவுரைதான். ஆனால் கட்டியாகத் திரளாமலே வளரும் ஒரு வகையும் உண்டு. லோபுலர் மார்பகப் புற்றுநோய் என்று பெயர். உலக அளவில் மார்பகப் புற்றுநோய்களில் 10 முதல் 15 சதவீதம் இந்த வகை. நம் நாட்டில் பதிவாகும் விகிதம் அதைவிடக் குறைவு. குறைவு என்பதால் விழிப்புணர்வு முகாம்களில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கட்டி இல்லை என்று நம்பி வருடக்கணக்கில் காத்திருந்துவிட்டு, நோய் முற்றிய பிறகு வரும் பெண்களைப் பார்ப்பவர்கள் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேடரின் என்ற புரதம் இந்தப் புற்றுநோயில் இல்லாமல் போய்விடுகிறது. ஒட்டுதல் போனதால் செல்கள் உருண்டு திரளாமல், எறும்புச் சாரை போல ஒற்றை வரிசையில் மார்பகத் திசுவுக்குள் ஊர்ந்து பரவுகின்றன. சுற்றியிருக்கும் திசுவின் அமைப்பும் அதிகம் கலைவதில்லை. அதனால் பல நேரங்களில் கைக்குக் கட்டி கிடைக்காது. படத்திலும் பளிச்சென்று தெரியாது.

ஆகவே தேட வேண்டியது கட்டியை மட்டுமல்ல. மார்பின் ஒரு பகுதி மட்டும் மற்ற இடங்களைவிடத் தடித்து, உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளிம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத தடிப்பாக அது இருக்கும். கண்ணாடி முன் நின்று இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கும்போது ஒரு பக்கம் மட்டும் தோல் குழிகிறதா, காம்பு உள்ளே இழுக்கிறதா, ஒரு மார்பு மட்டும் சிறுத்தோ மேலேறியோ தெரிகிறதா என்று கவனியுங்கள். பிராவின் ஒரு பக்கம் திடீரெனத் தளர்ந்துபோனால்கூட அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய மாற்றம்தான். வலி இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

பரிசோதனையிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. லோபுலர் வகையை மாமோகிராம் கண்டுபிடிக்கும் திறன் ஆய்வுகளில் 57 முதல் 81 சதவீதம் வரைதான். மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும் பெண்களுக்கு இன்னும் சிரமம். 'மாமோகிராம் நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தும் தடிப்பு இருந்தால், அந்தக் குறிப்பிட்ட இடத்தில் அல்ட்ராசவுண்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. வேண்டும். நம் ஊரில் முதலில் செய்வது மெல்லிய ஊசியால் செல்லை உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை. லோபுலர் செல்கள் சிறியவை, சிதறிக் கிடப்பவை. ஊசியில் போதுமான செல் வராமல் 'புற்றுநோய் இல்லை' என்று முடிவு வந்துவிடக்கூடும். தடித்த ஊசியால் திசுத்துண்டுகளை எடுக்கும் கோர் பயாப்ஸிதான் நம்பத்தக்கது. செலவும் நேரமும் கொஞ்சம் கூடும் என்றாலும் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

யாருக்கு வருகிறது? வயது கூடக் கூட வாய்ப்பு கூடுகிறது. பால்நாளங்களில் தோன்றும் பொதுவான வகையைவிடச் சில ஆண்டுகள் பிந்தியே இது தலைகாட்டும். மாதவிடாய் நின்ற பின் எடுக்கும் ஹார்மோன் மாத்திரைகளில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த வகைக்கும் லோபுலர் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு மற்ற வகைகளோடு உள்ளதைவிட அழுத்தமானது. உடல் கொதிப்பு தாங்க முடியாமல் அந்த மாத்திரையைத் தொடங்குபவர்கள், எத்தனை காலம் எடுக்க வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. முதல் பிரசவம் தாமதமாவது, மது, மாதவிடாய்க்குப் பிந்தைய உடல் பருமன் ஆகியவையும் காரணிகள்.

வேறு ஏதோ காரணத்துக்கு எடுத்த பயாப்ஸியில் எல்.சி.ஐ.எஸ். (லோபுலர் கார்சினோமா இன் சிட்டு) என்று எழுதி வருவதுண்டு. பால் சுரக்கும் மடல்களுக்குள்ளேயே அடங்கியிருக்கும் இயல்பற்ற செல்களை இது குறிக்கிறது. பெயரில் கார்சினோமா என்ற சொல் இருப்பதால் பயந்து மார்பை எடுத்துவிடச் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. வழக்கமான எல்.சி.ஐ.எஸ். புற்றுநோய் அல்ல; அபாயக் குறி. அது இருப்பவருக்குப் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 7 முதல் 10 மடங்கு, அதுவும் இரு மார்பகங்களிலும். ஆண்டுதோறும் பரிசோதனையும், பொருத்தமானவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை ஐந்தாண்டும் போதும். செல்கள் உருவத்தில் பெரிதும் மாறுபட்டிருக்கும் பிளியோமார்ஃபிக் வகை என்று குறிப்பிட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அந்தப் பகுதியை அறுவை செய்து அகற்ற வேண்டும்.

ஈ-கேடரினை உருவாக்கும் சிடிஎச்1 மரபணுவில் பரம்பரையாக வரும் கோளாறு அரிது, ஆனால் முக்கியம். 1998-இல் நியூசிலாந்தின் மாவோரி குடும்பம் ஒன்றில், தலைமுறை தலைமுறையாக வந்த இரைப்பைப் புற்றுநோயை ஆராய்ந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. இக்கோளாறு உள்ள பெண்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் லோபுலர் மார்பகப் புற்றுநோயும் வரக்கூடும். குடும்பத்தில் ஒருவருக்கு லோபுலரும் இன்னொருவருக்கு இரைப்பைச் சுவருக்குள் சிதறிப் பரவும் 'டிஃப்யூஸ்' வகை இரைப்பைப் புற்றுநோயும் இருந்தாலோ, 70 வயதுக்குள் இரு மார்பிலும் லோபுலர் வந்திருந்தாலோ மரபணு ஆலோசனை கேட்க வேண்டும்.

சிகிச்சை என்று வந்தால், நோய் படத்தில் தெரிவதைவிடப் பெரிதாக இருப்பதே அறுவை மருத்துவருக்குப் பெரிய தொல்லை. மார்பை வைத்துக்கொண்டு நோயுற்ற பகுதியை மட்டும் எடுக்கும் அறுவையை இந்த வகையிலும் செய்யலாம், அதற்குமுன் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பரப்பை அளந்துகொண்டால் நல்லது. வெட்டியெடுத்த திசுவின் ஓரத்தில் புற்றுச் செல் இருந்தால் மறுபடியும் அறுவை தேவைப்படும். லோபுலரில் இது சற்று அதிகமாகவே நடக்கிறது என்பதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், முதல் டாக்டர் சரியாகச் செய்யவில்லை என்று குடும்பம் மருத்துவமனை மாறி, அதிலேயே சில வாரங்கள் போய்விடுகின்றன. மார்பை வைத்துக்கொண்டால் கதிர்வீச்சு அவசியம். இப்போது 15 தவணைகளில், மூன்று வாரத்தில் முடித்துவிடுகிறார்கள்.

அறுவைக்கு முன் கீமோ கொடுத்து நோயைச் சுருக்கும் உத்தி இங்கே அவ்வளவாக எடுபடுவதில்லை. நோய் முழுவதும் மறைந்துபோவது நூற்றில் பத்துப் பேருக்கும் குறைவு. கீமோ யாருக்குமே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. நிணநீர்க் கணுக்களில் பரவல், வயது, நோயின் தரம் எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டியது அது. லோபுலரின் முதன்மை மருந்து ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைதான். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஈஆர் பாசிட்டிவாக, அதாவது புற்றுச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளதாக, இருப்பதே காரணம். மாதவிடாய் நின்றவர்களுக்கு, உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், தினம் ஒன்று. லெட்ரோசோலையும் டாமாக்சிஃபெனையும் ஒப்பிட்ட பிக் 1-98 என்ற ஆய்வை 2015-இல் புற்றுநோய் வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, எட்டாண்டு முடிவில் லோபுலர் நோயாளிகளில் லெட்ரோசோல் எடுத்தவர்கள் 89 சதவீதமும் டாமாக்சிஃபென் எடுத்தவர்கள் 74 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். பால்நாள வகையில் இந்த வித்தியாசம் நான்கே சதவீதம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கீமோவுக்குப் பின் நாற்பதுகளில் உள்ள பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோனால், நிரந்தரமாக நின்றுவிட்டது என்று நினைத்து லெட்ரோசோல் எழுதிவிடுகிறார்கள். சினைப்பை சில மாதங்களில் மறுபடி விழித்துக்கொள்ளலாம். அப்போது அந்த மாத்திரை பயன் தராது. இரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்ப்பதோடு, சினைப்பையை அடக்கும் ஊசியும் சேர்த்துத் தர வேண்டும். கோசெரெலின் என்றால் 28 நாளுக்கு ஒருமுறை 3.6 மில்லிகிராம். டாமாக்சிஃபென் எடுப்பவர்கள் மன அழுத்தத்துக்கு ஃப்ளூஆக்செட்டினோ பாராக்செட்டினோ எடுத்தால் மருந்தின் வேலை குறையும். மன அழுத்தத்துக்கு வேறு மருந்துகள் உண்டு.

மாத்திரையை நடுவில் நிறுத்திவிடுவதுதான் நடைமுறையில் மிகப்பெரிய தோல்வி. காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியாத மூட்டு வலிதான் முக்கியக் காரணம். பலர் வீட்டில்கூடச் சொல்லாமல் நிறுத்துகிறார்கள். தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள். தினமும் நடைப்பயிற்சி உதவும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு, லெட்ரோசோல் வகையைச் சேர்ந்த அனஸ்ட்ரோசோலுக்கோ எக்ஸிமெஸ்டேனுக்கோ மாறினால் பலருக்கு வலி குறைகிறது. எலும்பு தேயாமலிருக்க, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோலெட்ரானிக் அமில ஊசி. ஊசிக்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஊசி போட்டபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. கணுக்களில் பரவி, திரும்ப வரும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு புற்றுச் செல் பெருகுவதைத் தடுக்கும் அபெமாசிக்லிப் அல்லது ரிபோசிக்லிப் மாத்திரையும் சேர்க்கிறார்கள்.

'ஐந்து வருஷம் தாண்டிவிட்டது, இனி பயமில்லை' என்ற பேச்சு இந்த நோய்க்குப் பொருந்தாது. ஈஆர் பாசிட்டிவ் மார்பகப் புற்றுநோய் உள்ள 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டு மாத்திரை முடித்த பின்னும் இருபதாம் ஆண்டுவரை நோய் திரும்புவது சீராகத் தொடர்ந்தது. சிறிய நோய், கணுவில் பரவல் இல்லை என்றவர்களுக்கே அந்தப் பதினைந்து ஆண்டுகளில் 13 சதவீதம் பேருக்கு உடலின் வேறு இடங்களில் திரும்பியது. லோபுலர் வகை தொடக்க ஆண்டுகளில் மற்றவற்றைவிட நன்றாக இருப்பதுபோல் தோன்றி, பின்னாளில் அதிகம் திரும்புகிறது. ஆகவே மாத்திரையை ஏழு அல்லது பத்து ஆண்டுகள்வரை நீட்டிக்க வேண்டுமா என்பதை ஐந்தாம் ஆண்டு முடிவதற்கு முன்பே பேச வேண்டும்.

திரும்பும் இடங்களும் வேறு. எலும்புக்கு வருவது எல்லா வகைக்கும் பொது. லோபுலர் இரைப்பை, குடல், வயிற்று உறை, சினைப்பை, சிறுநீர்க்குழாயைச் சுற்றிய பகுதி, மூளை உறை என்று பரவும். இங்கேதான் பெரும் தவறு நடக்கிறது. பத்தாண்டுக்கு முன் மார்பக அறுவை செய்த ஒருவர், நான்கு கவளம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது என்று வயிற்று டாக்டரிடம் போகிறார். எண்டோஸ்கோப்பியில் புண்ணே தெரியாமல் இரைப்பைச் சுவர் மட்டும் விறைத்திருக்கலாம். பயாப்ஸியில், இரைப்பைப் புற்றுநோயிலும் காணப்படும் முத்திரை மோதிர வடிவச் செல்கள் என்று வந்தால் இரைப்பைப் புற்றுநோய் என்றே முடிவு செய்து, இரைப்பையை அகற்றும் வரை போய்விடுகிறது. அந்தத் துண்டில், மார்பகச் செல்லை அடையாளம் காட்டும் ஈஆர், காட்டா3 சாயச் சோதனைகளைச் செய்திருந்தால் அது மார்பிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். அறுவை வேண்டாம், மாத்திரையே சிகிச்சை. செல்கள் உள்தோலுக்கு அடியில் ஊர்வதால் பயாப்ஸியைப் பல இடங்களில் ஆழமாக எடுக்க வேண்டும். அதேபோல வயிற்று உப்புசம், சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியேட்டினின் அளவு காரணமில்லாமல் ஏறுவது, சிறுநீரக வீக்கம் என்று வந்தாலும் பழைய மார்பக நோயை நினைக்க வேண்டும்.

சர்க்கரை போன்ற கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் முழு நிம்மதி கொள்ள முடியாது. லோபுலர் செல்கள் சர்க்கரையைக் குறைவாக உறிஞ்சுவதால் அதில் ஒளிராமல் போகலாம். தொந்தரவு எதுவுமில்லாதவர்களுக்கு வருடாவருடம் பெட் ஸ்கேனோ, சி.ஏ. 15-3 இரத்தப் பரிசோதனையோ தேவையுமில்லை. எடுத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு மாமோகிராமும், அறிகுறி வந்தால் தள்ளிப்போடாமல் பார்ப்பதும் வேண்டும்.

எந்த நோய்க்காக எந்த டாக்டரிடம் போனாலும், 'எனக்கு லோபுலர் மார்பகப் புற்றுநோய் இருந்தது' என்று அந்த வகையின் பெயரோடு முதலில் சொல்லுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலை வீட்டில் பத்திரமாக வையுங்கள். போனில் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டின் மேல் மூலையில் இருக்கும் பயாப்ஸி எண் மிக முக்கியம். மெழுகுக் கட்டையில் பதித்த உங்கள் திசுவை மருத்துவமனை நிரந்தரமாக வைத்திருக்காது. எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று கேட்டு, அதற்குள் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிடுங்கள். கட்டையை வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்,
திருச்சி.