கட்டடம் முடிந்துவிட்டது, திறப்பைக் கொடுங்கள்

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும் மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கும்,

கொழும்பில் இருக்கும் பழைய மாணவர்கள் சார்பில் வணக்கம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் புதிய வகுப்பறைகள் ஏன் இன்னும் பூட்டிக் கிடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். நாடா வெட்ட வரவேண்டிய பிரமுகருக்கு நாள் சரிவரவில்லை. போன கிழமையும், பந்தலுக்குச் சொல்லி, பிள்ளைகளுக்கு நடனமும் பழக்கிய பிறகு விழா தள்ளிப்போனது. பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

சீமெந்துக்கும் கம்பிக்கும் நாங்கள் இங்கே காசு சேர்த்தோம். மற்றதெல்லாம் ஊர்ச்சனத்தின் உழைப்பு. அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானத்துக்கு வந்து கல் அரிந்தார்கள். தாய்மார் மரவள்ளி அவித்துச் சம்பலோடு கொடுத்தார்கள். வரைபடத்தைப் பார்த்து அனுமதி தந்ததும் நீங்கள்தான்.

பழைய மண்டபத்தில் ஐந்து வகுப்புகளும் ஒன்றாக நடக்கின்றன. திருப்பி வைத்த கரும்பலகைகள்தான் இடையில் மறைப்பு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பாடத் தொடங்கினால், புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் ஐந்தாம் ஆண்டுக்கு ரீச்சர் சொல்வது கேட்காது. பென்சிலை வைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழை பெய்தால் அரைச்சுவருக்கு மேலால் சாரல் அடிக்கும். மேசைகளை நடுவுக்கு இழுத்து எல்லா வகுப்பும் நெருங்கி இருந்தால், அன்றைய படிப்பு அவ்வளவுதான். சற்றுத் தள்ளிப் புதிய கட்டடம் பூட்டோடு நிற்கிறது.

தயவுசெய்து திறப்பைக் கொடுங்கள். விழாவைப் பிறகு வைக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டும்போது ஊரைத் தேடி வந்தீர்கள். இப்போது பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கேள்வி கேட்டால் 'அது நிர்வாக விடயம்' என்கிறீர்கள். அதிபர் தலைவராகவும், பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் உறுப்பினராகவும் இருக்கும் சங்கத்தைக் கையெழுத்து வாங்க மட்டும் கூப்பிடுவது நியாயமா? இடமாற்றத்தில் போன ரீச்சருக்குப் பதிலாக ஆள் கேட்டு அவர்கள் அனுப்பிய கடிதத்துக்கு ஒரு வரிப் பதிலும் வரவில்லை. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரச உதவியோடு மற்றவர்கள் நடத்திய பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க முன்னரே, எங்கள் பகுதிகளில் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் ஊரார் கொடுத்த காணியில், ஊரார் போட்ட கொட்டிலில் தொடங்கியவை. பள்ளிக்கூடம் நடத்துவது எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. இங்கே வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை ரியூசன் இருக்கிறது. ஊர்ப்பிள்ளைக்கு அந்த ஒரு பள்ளிக்கூடம்தான்.

ஐயா, அம்மா, பணிவாகவே கேட்கிறோம். வருகிற திங்கட்கிழமை முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளைப் புதிய வகுப்பறைகளில் இருத்த அதிபருக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். சங்கத்தின் கடிதத்துக்குப் பதில் போடுங்கள். திறப்பு விழாவை எப்போது வைத்தாலும் பந்தல் போட ஊர் வரும். இப்போது திறப்பை மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய மாணவர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 06