அந்தச் சின்னக் கறுப்பு கனெக்டர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். எழுதக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் தடை போட்டிருந்தார். நேற்றுதான் தளர்த்தினார். இப்போது நூல் நுனிகூட பளிச்சென்று தெரிகிறது. அதனால் முதல் வேலையாக உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் மகன் சொந்தமாக ஒர்க்‌ஷாப் தொடங்கப்போகிறான் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. நாம் இரண்டு பேரும் ஒரே வண்டிக்கு அடியில் தலைமாடு கால்மாடாகப் படுத்துத் தொழில் கற்ற நாட்கள் கண்முன் வந்தன. அவனிடம் பொறுமை இருக்கிறது. அது இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருந்தாய். பெட்ரோல் லைனுக்கான குவிக் கனெக்டரில், அதாவது குழாயை உலோக முனையோடு அழுத்திச் செருகினாலே ‘டிக்’கென்று பூட்டிக்கொள்ளும் அந்த இணைப்பில், ‘மின்சாரம் கடத்தும் வகை’ என்று தனியாக விற்கிறார்களே, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதானே, சாதாரண வகையையே வாங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று. இதைப் போகிறபோக்கில் விட எனக்கு மனசில்லை. இந்த விஷயத்தில் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன்.

ஆறேழு வருஷம் முன்னால் ஒரு கார் வந்தது. உள்ளே பெட்ரோல் வாடை என்று புகார். அடியில் போய்ப் பார்த்தேன். சொட்டு இல்லை, ஈரம் இல்லை. கனெக்டரைக் கழற்றிப் புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டு அனுப்பினேன். மூன்று வாரத்தில் அதே புகாரோடு திரும்பி வந்தது. டேங்க் மேல்மூடியின் சீலை மாற்றினேன். மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை பம்பை ஓடவிட்டு, ஃபில்டரிலிருந்து கிளம்பும் நைலான் குழாயை வெள்ளைத் துணியால் அங்குலம் அங்குலமாக ஒற்றிக்கொண்டே போனேன். ஒரு இரும்பு பிராக்கெட்டை ஒட்டிக் குழாய் வளையும் இடத்தில் துணியில் கடுகளவு ஈரம் தட்டியது.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குழாயில் உரசல் இல்லை, வெடிப்பு இல்லை. ஊசியால் குத்தியதுபோல ஒரே ஒரு துளை, மயிரிழை அளவுதான். அதைச் சுற்றி மெல்லிய கரி வளையம். நேர் எதிரே பிராக்கெட்டின் பெயின்டிலும் ஒரு புள்ளி கருகியிருந்தது. குழாயை வெட்டி நீளவாக்கில் பிளந்ததும், உட்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை ஒரு கறுப்புக் கோடு ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். மின்பொறி உள்ளேயிருந்து ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

நைலான் நல்ல மின்காப்புப் பொருள். ஒரு மில்லிமீட்டர் சுவரைத் துளைக்க ஏறக்குறைய 20 கிலோவோல்ட் வேண்டும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி வண்டியில் அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெட்ரோலே அதை உண்டாக்கிக்கொள்கிறது.

பெட்ரோல் ஒரு பரப்பை உரசிக்கொண்டு ஓடும்போது ஒருவகை மின்துகள்கள் பரப்போடு ஒட்டிக்கொள்கின்றன. எதிர்வகைத் துகள்கள் பெட்ரோலோடு அடித்துச் செல்லப்படுகின்றன. பரப்பு எவ்வளவு அதிகமோ, பிரியும் மின்னூட்டமும் அவ்வளவு அதிகம். ஃபில்டருக்குள் மடித்து மடித்து வைத்திருக்கும் காகிதத்தை விரித்தால் எவ்வளவு பெரிய பரப்பு வரும் என்று உனக்கே தெரியும். அதனால் லைனிலேயே மின்னூட்டம் அதிகம் பிறக்கிற இடம் ஃபில்டர்தான்.

பிறந்த மின்னூட்டம் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது பெட்ரோல் எவ்வளவு கடத்துகிறது என்பதைப் பொறுத்தது. மீட்டருக்கு 50 பிகோசீமன்ஸ் (கடத்தும் திறனை அளக்கும் மிகச் சின்ன அலகு) கடத்தினால், நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும். வெறும் 5 என்றால் மூன்றரை நொடி ஆகும். எட்டு மில்லிமீட்டர் குழாய், ஒரு மில்லிமீட்டர் சுவர், மணிக்கு 100 லிட்டர் ஓட்டம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் நொடிக்கு ஒரு மீட்டர் போகிறது. அப்படியானால் ஃபில்டரை விட்டு வந்ததும் முதல் கனெக்டரைத் தொடும்போது மின்னூட்டத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். கந்தகத்தை நீக்கச் சுத்திகரிக்கும்போது எரிபொருளை ஓரளவு கடத்தவைக்கும் வேறு சில பொருட்களும் போய்விடுகின்றன. எத்தனால் கலந்தால் நேர்மாறாகக் கடத்தும் திறன் நன்றாகக் கூடுகிறது. எந்த பங்க்கில் எது ஊற்றுகிறார்கள் என்பது குழாய்க்குத் தெரியாது. அதனால் எதற்கும் தாங்குகிற மாதிரித்தான் லைனைச் செய்ய வேண்டும்.

நாம் தொழில் கற்ற கார்புரேட்டர் காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாதே என்று நீ கேட்பாய். அப்போது இரும்புக் குழாய், இடையிடையே ரப்பர் ஹோஸ். இரும்பு நேராகக் கடத்தும். ரப்பரில் வலுவுக்காகச் சேர்க்கும் கார்பன் பிளாக் என்ற கரித்தூள் மின்னூட்டத்தை ஓரளவு வடித்துவிடும். ஓட்டமும் அழுத்தமும் குறைவு. இன்ஜெக்‌ஷன் என்ற, பெட்ரோலைப் பீச்சியடிக்கும் முறை வந்ததும் அழுத்தம் மூன்று நான்கு பார் ஆனது, ஓட்டம் கூடியது. எடையும் துருவும் குறையட்டும் என்று குழாயும் கனெக்டரும் பிளாஸ்டிக்குக்கு மாறின. வடிவதற்கு இருந்த வழி அப்போதுதான் அடைபட்டது.

குழாய்க்குள் ஏன் தீப்பிடிக்கவில்லை என்றும் கேட்பாய். உள்ளே காற்று இல்லை, அதனால் எரியாது. வெளியே கசிந்த ஆவியில் காற்று இருக்கிறது. அங்கே தீப்பிடிக்க கால் மில்லிஜூல் பொறி போதும். அந்த அளவு பொறி கையில் பட்டால் நமக்கு உறைக்கக்கூட உறைக்காது. ஓட்டை போடும் அதே பொறியே பற்றவைக்கவும் வல்லது என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம்.

இனி கனெக்டருக்கு வருகிறேன். நைலானோடு கார்பன் பிளாக், கார்பன் நானோகுழாய், மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கலந்து வார்க்கிறார்கள். கொஞ்சமாகக் கலந்தால் ஒரு பயனும் இல்லை. தண்ணீர் வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்ப ஆட்கள் வரிசையாக நிற்பார்களே, நடுவில் இரண்டு பேர் விலகினாலும் வாளி நின்றுவிடும். துகள்களும் அப்படித்தான், ஒன்றையொன்று எட்டும் அளவுக்கு நெருங்கினால்தான் மின்னூட்டம் கைமாறும். ஒரு அளவைத் தாண்டியதும் சட்டென்று கடத்த ஆரம்பித்துவிடும். கார்பன் பிளாக்கை நிறையச் சேர்க்க வேண்டியிருப்பதால் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று உடையும் தன்மைக்குப் போகிறது. கனெக்டரோ மைனஸ் 40 டிகிரிக் குளிரில் அடிபட்டாலும் விரிசல் விடக்கூடாது. மிகக் குறைந்த அளவிலேயே வேலையை முடித்துவிடும் நானோகுழாய்க்கு இங்கே மதிப்பு வருவது அதனால்தான்.

ஆக, உன் மகனுக்கு முதலில் சொல்ல வேண்டியது இது: கறுப்பாக இருப்பதெல்லாம் கடத்தாது. வெயில் தாங்குவதற்காக இரண்டு சதவீத அளவில் கார்பன் சேர்த்தாலே நைலான் மையாகக் கறுத்துவிடும். அது சுத்தமான மின்காப்பு. கடத்தும் கனெக்டரும் அதே கறுப்புதான், அதே ‘டிக்’ சத்தம்தான். கையில் வைத்துப் பார்த்து எந்த அனுபவசாலியாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எவ்வளவு கடத்த வேண்டும் தெரியுமா? கம்பிபோல வேண்டியதே இல்லை. நிலைமின்சாரம் வடிய 1 மெகாஓம் வரை தடை இருக்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. லைனில் பிறக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோஆம்பியர் என்று தாராளமாகவே வைத்துக்கொள். 1 மெகாஓம் வழியே அது வடிந்தால் நிற்கும் மின்னழுத்தம் வெறும் 1 வோல்ட். வழியே இல்லாவிட்டால் அதே மைக்ரோஆம்பியர் நொடிக்கு நொடி சேர்ந்து ஆயிரக்கணக்கான வோல்ட் ஆகிறது. முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது நான் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவு சின்ன வழி போதும், ஆனால் அது இருந்தே ஆக வேண்டும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இனிமேல்தான் வருகிறது. கடத்தும் கனெக்டரை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் இரண்டு பக்கமும் தொடர்பு இல்லாவிட்டால் அது தனியாக மிதக்கும் ஒரு கடத்தி. அது சாதாரண பிளாஸ்டிக்கைவிட மோசம். பிளாஸ்டிக்கின் மேல் சேர்ந்த மின்னூட்டம் நகர முடியாமல் அங்கங்கேயே கிடக்கும், பொறி வந்தாலும் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் பாயும். கடத்தியில் சேர்ந்ததோ ஒரே பொறியில் மொத்தமாகக் கொட்டிவிடும். பத்து பிகோஃபாரட் மின்னூட்டக் கொள்ளளவுள்ள ஒரு சின்னப் பாகம் 10 கிலோவோல்ட்டுக்கு ஏறினால் அரை மில்லிஜூல். பற்றவைக்கத் தேவையானதைப்போல இரண்டு மடங்கு.

தொடர்பு அறுபடும் இடங்களை நினைத்துப் பார். குழாயின் உள்ளடுக்கு கடத்தும் வகையாக இருந்து, கனெக்டரின் பல்லுள்ள தண்டின்மேல் இறுக்கமாக ஏறியிருந்தால் அந்தப் பக்கம் சரி. மறுபக்கம் உலோக முனை கனெக்டருக்குள் போய் ஓ-ரிங்கின்மேல் உட்காருகிறது. ஃப்ளோரோ ரப்பர் ஓ-ரிங் பொதுவாகக் கடத்தாது. பூட்டும் கிளிப்பும் பெரும்பாலும் வெறும் நைலான். முனைக்கும் துளைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. அதனால்தான் நல்ல வடிவமைப்புகளில் உலோக முனையைத் தொட்டுக்கொண்டே இருக்க ஒரு ஸ்பிரிங் தொடர்போ, கடத்தும் ஓ-ரிங்கோ வைக்கிறார்கள். அங்கிருந்து வண்டியின் பாடிக்கு எர்த் போக வேண்டும். டேங்க் பம்பு, ஃபில்டர், குழாய், கனெக்டர், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் ரெயில் எல்லாம் ஒரே சங்கிலி. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1645 என்ற வழிகாட்டி எரிபொருள் அமைப்பின் மின்னூட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறது. கனெக்டருக்குத் தனியாக ஜே2044 இருக்கிறது.

நான் சொன்ன காரில் என்ன நடந்திருந்தது தெரியுமா? முன்பு வேறு யாரோ ஃபில்டரை மாற்றியபோது கடத்தாத குழாயும் சாதாரண கனெக்டரும் போட்டிருக்கிறார்கள். ஃபில்டரின் உலோகக் கூட்டிலிருந்து பாடிக்கு வர வேண்டிய எர்த் வயர் கழன்று தொங்கியது. ஒரு விரல் நீள வயர். முதல் தடவையே நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் பெரிதாக நினைக்கவில்லை. அந்த வண்டியில் குழந்தைகள் ஏறி இறங்கியதை நினைத்தால் இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

சோதிப்பது பற்றி: மல்டிமீட்டரின் ‘பீப்’ சத்தத்தை நம்ப வேண்டாம். மெகாஓம் அளவில் அது பேசாது. ஓம் அளவையில் வைத்தாலும் சில சமயம் எதுவும் காட்டாது, ஏனென்றால் வார்ப்பின் மேல்தோலில் கார்பன் குறைந்து நைலான் மிகுந்திருக்கும். மெகர், அதாவது அதிக வோல்ட் கொடுத்துத் தடையை அளக்கும் கருவி, 500 வோல்ட்டில் தெளிவாகக் காட்டும். ஆனால் பெட்ரோல் பட்ட எந்தப் பாகத்திலும், வண்டிக்கு அருகிலும் மெகரை எடுக்கவே கூடாது. புதிய, உலர்ந்த பாகம், மேசைமேல், அவ்வளவுதான். கனெக்டரைத் தனியாக அளப்பதோடு நிறுத்தாமல், குழாய்த்துண்டில் ஏற்றி, உலோக முனையையும் செருகி, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அளக்கச் சொல். பெட்ரோலில் ஊறிப் பிளாஸ்டிக் உப்பும்போது துகள்கள் விலகித் தடை கொஞ்சம் ஏறும். அதனால் புதிதாக இருக்கும்போதே எல்லையை ஒட்டி நிற்கும் பாகத்தை ஒதுக்கிவிடட்டும். வண்டித் தயாரிப்பாளர் கொடுத்த பாக எண்ணை ஒப்பிட்டு வாங்குவதுதான் இதையெல்லாம்விட நம்பகமான வழி.

அப்புறம் வீட்டுச் செய்தி. முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அந்த வெட்டிய குழாய்த்துண்டை ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், ஒவ்வொரு அணிக்கும் லென்ஸோடு கையில் கொடுக்கிறேன். நேற்று ஒரு பையன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “எர்த் வயர் எங்கே போகும் சார்?” என்று கேட்டான். அவனைக் கூட்டிக்கொண்டு போய் நின்றிருந்த வண்டிக்கு அடியில் காட்டினேன்.

உன் மகன் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் கனெக்டர்களில் வகைக்கு ஒன்றாக எடுத்து, ஒரு சாண் குழாயோடு எனக்கு அனுப்பச் சொல். என் மெகரில் அளந்து ஒவ்வொன்றின்மேலும் எண்ணை எழுதித் திருப்பி அனுப்புகிறேன். கடை திறக்கும் தேதியை முன்கூட்டியே எழுது, கண்ணும் காலும் இடம் கொடுத்தால் நேரில் வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி