தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர்

எருசலேம்,
வியாழன் இரவு

கர்த்தருக்குள் அன்பான தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா போனதிலிருந்து ராத்திரி மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடக்கிறேன் என்று எழுதியிருந்தாய். ஒரு நர்சுக்கு இன்னொரு நர்சு என்ன புத்தி சொல்ல? இந்த வீட்டில் தினமும் ராத்திரி நான் பார்ப்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் யூதப் பாட்டி சவ்தாவுக்கு 88 வயது. பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். டயபர் மாற்றி, தலையணை முட்டுக்கொடுத்து, கட்டில் கம்பியை ஏற்றிவிட்டால் என் வேலை முடிந்தது. அவருக்கு அதற்கப்புறம்தான் தொடங்கும். ஜெபப்புத்தகத்தை நெஞ்சின்மேல் விரித்துக்கொண்டு முதலில் சொல்வது மன்னிப்பு. என்னைக் கோபப்படுத்தினவர்கள், என் உடலுக்கோ பொருளுக்கோ மானத்துக்கோ தீங்கு செய்தவர்கள், தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் எல்லாரையும் மன்னிக்கிறேன், என் நிமித்தம் ஒருவரும் தண்டனை அடைய வேண்டாம் என்பார். பிறகு வலது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "இஸ்ரவேலே, கேள்." உபாகமம் ஆறில் 'படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்' என்று வருமே, அதை இவர்கள் எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்கிறார்கள்.

அடுத்து ஒரு சங்கீதம். வந்த புதிதில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவர் மகள், "இது 91" என்றாள். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. 'உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்.' கரண்டு போன ராத்திரிகளில் உன் அம்மா நம் இரண்டு பேரையும் ஒரே பாயில் படுக்கவைத்துச் சொல்லித்தந்ததுதானே! பிறகு சவ்தா, வலப்புறம் மிகாவேல், இடப்புறம் காபிரியேல், முன்னே ஊரியேல், பின்னே ரபாயேல், தலைக்கு மேலே தேவ பிரசன்னம் என்று நாலு திக்கும் தேவதூதர்களைக் காவல் வைத்துவிட்டு, கடைசியாக, கண்களில் தூக்கத்தை விழப்பண்ணுகிறவருக்கு ஒரு ஸ்தோத்திரம். அதன்பின் பேச மாட்டார். ஒருநாள் தெரியாமல், "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டுவிட்டேன். என் கையை மெல்ல அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

'உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்' என்பதும் அந்த ஜெபத்தில் வருகிறது. பெரிய வெள்ளியில் இயேசுவின் சிலுவை வார்த்தையாகக் கேட்டுக் கேட்டு, அது சாகிறபோது சொல்வது என்றே நினைத்திருந்தேன். இங்கே அது தூங்கப்போகிறபோது சொல்வது. தூக்கம் மரணத்தில் அறுபதில் ஒரு பங்கு என்கிறது தல்மூத், அது இவர்களுடைய பழைய மத போதனை நூல். அடகு வைத்த பொருள் பழசாகித்தான் கைக்கு வரும், களைத்துப்போன ஆத்துமாவை ராத்திரி அவரிடம் கொடுத்தால் காலையில் புதுசாகத் திருப்பித் தருகிறார் என்று சவ்தா சொல்வார்.

அதனால் கண் திறந்ததும் முதல் வார்த்தை "மோதா அனி", நன்றி சொல்லுகிறேன். அது முடிவது நம் புலம்பல் 3:23-இல்: 'உமது உண்மை பெரிதாயிருக்கிறது.' இன்னும் கை கழுவவில்லை என்பதால் அந்த ஒரு ஜெபத்தில் கடவுளின் பெயரே வராது. கழுவாமல் நாலு முழம்கூட நடக்கக் கூடாதாம். ராத்திரியே நான் இரண்டு கைப்பிடி வைத்த செம்பில் தண்ணீர் நிரப்பி, கை கழுவும் பாத்திரத்தோடு தலைமாட்டில் வைத்துவிடுவேன். வலது, இடது, வலது, இடது என்று மாறி மாறிக் கைக்கு மூன்று தடவை. நடுங்கும் அந்த விரல்களில் நான்தான் ஊற்றுகிறேன்.

இன்னொன்று, உனக்குப் பிடிக்கும். 1204-இல் எகிப்தில் இறந்த மைமோனிடஸ் யூத மதச் சட்ட அறிஞர், வைத்தியரும்கூட. நாளில் மூன்றில் ஒரு பங்கு, எட்டு மணி நேரம் தூங்கு, சாப்பிட்டதும் படுக்காதே, மல்லாந்தும் குப்புறவும் வேண்டாம், முன்னிரவில் இடப்பக்கம், பின்னிரவில் வலப்பக்கம் என்று சட்டநூலிலேயே எழுதிவைத்திருக்கிறார். படுக்கைப்புண் வராமலிருக்க சவ்தாவைத் திருப்பிவிடும்போது நானும் முதலில் இடப்பக்கம்தான் சாய்க்கிறேன்.

தம்பியோடு நான் பேசி இரண்டு வருஷமாகிறது, வீட்டுப் பத்திர விஷயம் உனக்குத் தெரியும். மன்னித்தேன் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. ஆனால் சவ்தா அந்த முதல் வரியை வாசிக்கும்போதெல்லாம் மனசு அவனிடம் போய் நிற்கிறது.

உன் கனவுக்கு வருகிறேன். அம்மா கிணற்றடியில் முதுகைக் காட்டி நிற்கிறார்கள், கூப்பிட்டும் திரும்பவில்லை என்று எழுதியிருந்தாய். பொருள் சொல்லப்படாத கனவு வாசிக்கப்படாத கடிதம் என்று தல்மூதில் இருக்கிறது. கனவு கண்டு கலங்கினவர் தமக்கு வேண்டிய மூன்று பேரை உட்காரவைத்து, "நல்ல கனவு கண்டேன்" என்று சொல்ல வேண்டும். "நல்லதுதான், நல்லதாகவே இருக்கட்டும், வானத்தில் ஏழு தடவை அப்படியே தீர்மானமாகட்டும்" என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டும். போன மாதம் சவ்தா மேல்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அப்படிச் செய்தார். கையில் டீயோடு வாசலில் நின்று பார்த்தேன். மத்தியானம் வரை அழுதுகொண்டிருந்தவர் அன்றைக்குச் சாயங்காலம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீடியோ காலில் வருகிறேன். உன் அக்காவையும் சின்னவளையும் பக்கத்தில் உட்காரவை, என்னோடு மூன்று பேர் ஆகிவிடும். கனவை முழுசாகச் சொல்லு பிள்ளே, கிணற்றடியில் கொடியில் என்ன துணி காய்ந்தது என்பதுவரை.

மணி பதினொன்றாகிறது. செம்பில் தண்ணீர் வைக்கப் போகிறேன்.

உன் தோழி