சனி இரவு எல்லிஸ் பார்க் ஆட்டம்

குழு உறவுகளுக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை தென்னாப்பிரிக்கா - நியூசிலாந்து ரக்பி டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்). சுங்கை சிப்புட்டில் நாம் வழக்கமாகக் கூடும் பாலாய் ராயா (பொது மண்டபம்) இடத்திலேயே பார்க்கிறோம். ஆட்டம் நடக்கும் தென்னாப்பிரிக்காவைவிட நமக்கு 6 மணி நேரம் முன்னால் என்பதால் இங்கே ராத்திரி ஆகிவிடும். 10 மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள், ஆட்டத்துக்கு முன் நியூசிலாந்து அணி ஆடும் ஹாக்கா நடனத்தைத் தவறவிட வேண்டாம்.

எல்லிஸ் பார்க் ஜோகன்னஸ்பர்க்கில், கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. உதைத்த பந்து கூடுதல் தூரம் பறக்கும், வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு மூச்சு வாங்கும். இதே இரு அணிகள் மோதிய 1995 உலகக் கிண்ண இறுதியாட்டமும் இங்கேதான். கூடுதல் நேரத்தில் தென்னாப்பிரிக்காவின் ஸ்ட்ரான்ஸ்கி அடித்த டிராப் கோல் (பந்தைத் தரையில் போட்டு எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது), 15-12 என அவர்களுக்கு வெற்றி. அப்புறம் 2023 இறுதியாட்டம், பாரிஸ். நியூசிலாந்து தலைவர் சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை, 14 பேராகப் போராடியும் 12-11 எனத் தோற்றோம். அந்த ஒரு புள்ளி எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த முறையும் ஸ்கிரம்தான் (இரு அணி முன்களத்துக்காரர்களும் பிணைந்து பந்துக்காகத் தள்ளுவது) தீர்மானிக்கும். பள்ளியில் முன்வரிசையில் நின்று தள்ளியவன் சொல்கிறேன்: எதிராளியின் சட்டையைப் பிடித்த விரல்கள் வியர்வையில் நழுவும்போதே தெரிந்துவிடும், தள்ளு யார் பக்கம் என்று. தென்னாப்பிரிக்கா அந்த நேரம் பார்த்துப் புது ஆட்களை இறக்கும். 2023 இறுதியாட்டத்தில் அவர்களின் 8 மாற்று ஆட்டக்காரர்களில் 7 பேர் ஸ்கிரமில் தள்ளும் முன்களத்துக்காரர்கள். அதற்குள் நியூசிலாந்து நன்றாக முந்தியிருக்க வேண்டும்.

போன தடவை மழையில் கரண்ட் போய், கடைசி பத்து நிமிடம் பார்க்க முடியாமல் போனது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இன்றே சொல்லுங்கள். தே ஓவும் வடையும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.