எர்த் றொட்டை வெட்டாதீர்கள், தம்பிமாரே

திருகோணமலையில் வயரிங் வேலை செய்யும் தம்பிமாருக்கு,

வணக்கம். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கத்தான் வளவுக்குள் எர்த் றொட் என்ற உலோகக் கம்பியை அடிக்கிறோம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன ஆவணியில் உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியிலிருந்து கூப்பிட்டார்கள். குசினியில் பிரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதாம். சமைக்கிற அக்கா ஒரு மாதமாகக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கதவைத் திறக்கிறா. "டிரிப் சுவிட்ச் நல்லா வேலை செய்யுது ஐயா, டெஸ்ட் பொத்தானை அமத்தினா உடனே விழுது" என்றார் முதலாளி. அமத்திக் காட்டினார், விழுந்தது. (போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துவராவிட்டால், அதாவது எங்கோ கசிந்தால், தானாக விழுந்து கரண்டை நிறுத்துவதுதான் டிரிப் சுவிட்ச்.)

வெளியே போய் எர்த் றொட்டைப் பார்த்தேன். சீமெந்துக் குழி, மூடி, கிளாம்ப், பச்சை வயர் எல்லாம் வடிவாகத்தான் இருந்தன. கிளாம்பைப் பிடித்து லேசாக ஆட்டினேன், றொட் கையோடு வந்துவிட்டது. ஒன்றரை அடி. தலையில் வாள் அறுத்த தடம். மணலுக்குள் ஏதோ தட்டியிருக்கும். நாலடி தள்ளி அடிக்கப் பஞ்சிப்பட்டு வெட்டிவிட்டார்கள்.

அந்த வேலையைச் செய்தவர் யாரென்று நான் கேட்கவில்லை. நானும் இளம் வயதில் உவர்மலையில் பாறை தட்டியபோது ஒரு றொட்டை வெட்டியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களில் பலர் கட்டாருக்கும் டுபாய்க்கும் போய் வந்தவர்கள். டீடீ, டீஎன்எஸ், டீஎன்சிஎஸ், ஐடீ என்று எர்த் கொடுக்கும் முறைகளின் எழுத்துகளைப் படித்திருப்பீர்கள். முதல் எழுத்து ட்ரான்ஸ்போமர் பக்கத்தைச் சொல்கிறது, இரண்டாவது வீட்டின் உலோகப் பாகங்களைச் சொல்கிறது. 'டீ' என்றால் நேரே மண். 'என்' என்றால் நியூட்ரல் வழியாக. 'ஐ' என்றால் மண்ணோடு நேர்த் தொடர்பே இல்லை. ஒரு பழுது வந்தவுடனேயே கரண்ட் போய்விடக் கூடாத அறுவைச் சிகிச்சைக் கூடம் போன்ற இடங்களுக்கு அது. சொந்த ட்ரான்ஸ்போமர் வைத்திருக்கிற பெரிய கட்டடங்களில் எர்த்துக்கென்று தனிக் கம்பியே இழுத்துவிடலாம், அது டீஎன்எஸ். பிரித்தானியாவில் நிறைய வீடுகளுக்கு நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாக வந்து மீற்றர் பக்கத்தில் பிரியும், அது டீஎன்சிஎஸ்.

நம் வீடுகள் டீடீ. கம்பத்திலிருந்து லைனும் நியூட்ரலும் வரும், எர்த் வராது. எர்த் என்பது நீங்கள் வளவுக்குள் அடிக்கிற அந்த றொட் மட்டும்தான். அது பொய்யென்றால் மூன்று முள் பிளக்கின் மூன்றாவது முள்ளும் பொய்.

கணக்கொன்று போட்டுப் பாருங்கள். ஓரளவு ஈரமான நல்ல மண்ணில் நாலடி றொட் ஒன்று ஏறக்குறைய 75 ஓம் தடை காட்டும். மோட்டரில் லைன் வயர் அதன் பொடியில், அதாவது வெளி உலோகக் கூட்டில், முட்டினால் 230 வோல்டுக்கு மண்ணுக்குள் போவது 3 அம்பியர். அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் போனால் மட்டும் விழுகிற 16 அம்பியர் பிறேக்கருக்கு அது கொசுக்கடி. அது விழாது. அயன் பெட்டி அளவுக்கு, 700 வாட், இரவு பகலாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். பில்லும் ஏறும், மோட்டரின் பொடியும் கரண்டோடே நிற்கும். டீடீயில் 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் இல்லாமல் ஒரு வீட்டையும் விடக் கூடாது என்பது இதற்காகத்தான். அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேரே வயர் கொடுக்கிறவர்களை என்னவென்று சொல்வது!

சரி, அந்த விடுதியில் டிரிப் இருந்ததே? டெஸ்ட் பொத்தான் சோதிப்பது சுவிட்சை மட்டும். லைனையும் நியூட்ரலையும் ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகக் குறுக்கே இணைத்துக் கணக்கைப் பிசகவைக்கும், அவ்வளவுதான். வீட்டில் எர்த் வயரே இல்லாவிட்டாலும் விழும். பிரிட்ஜில் கசிந்தது 30 மில்லி அம்பியருக்குக் குறைவு. மண்ணுக்குப் போக வழியில்லாமல் அது அக்காவின் கை வழியாகப் போனது.

இன்னொன்று. டவுனில் பழைய வீடுகளில் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அந்த இரும்புக் குழாயை மாற்றிப் பிவிசி போட்ட அன்றே எர்த் போய்விடும், வயர் மட்டும் அதே இடத்தில் தொங்கும். பாத்ரூம் திருத்த வேலைக்குப் போகிறவர்கள் இதை ஒருக்கால் பாருங்கள்.

எர்த் சரியில்லை என்று வீட்டு போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போடுவது அதைவிட மோசம். வெளியே நியூட்ரல் அறுந்தால் பிரிட்ஜ், மோட்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் பொடியிலும் கரண்ட் ஏறும். நம் ஊர்க் காற்று மழையில் கம்பி அறுவதைச் சொல்லித் தர வேண்டுமா?

இனி மண். மார்கழியில் நிலாவெளி மணலில் அடித்து அளந்தால் நல்ல கணக்கு வரும். அதே றொட் ஆவணியில் பல மடங்கு காட்டும், காய்ந்த மணல் அப்படித்தான். வழி ஆழம்தான், தடிப்பு அல்ல. நீளத்தை இரட்டித்தால் ஓம் கிட்டத்தட்ட நாற்பது வீதத்துக்கு மேல் குறையும். தடிப்பை இரட்டித்தால் பன்னிரண்டு வீதமளவுதான் குறையும். இணைப்புப் போட்டு இரண்டாவது றொட்டை அதன் தலையிலேயே அடியுங்கள், ஈர மண் தட்டும்வரை. உவர்மலை மாதிரிப் பாறை நிலத்தில் அது நடக்காது. அங்கே கான் வெட்டிச் செப்புப் பட்டியைப் படுக்கவையுங்கள், அல்லது றொட்டின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு இரண்டு மூன்றை அடித்து இணையுங்கள். உப்பும் கரியும் கொட்டுவது பழைய வைத்தியம். ஓம் இறங்கும்தான், ஆனால் மழை உப்பைக் கழுவிக்கொண்டு போகும், போகுமுன் எர்த்துக்கு அடித்த இரும்புக் குழாயைத் தின்றுவிடும்.

பிறகு அளந்து பாருங்கள். மல்டிமீற்றரை வைத்து எர்த் அளக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், அது அளவே இல்லை. மண்ணில் இரண்டு ஆணி அடித்து எர்த்தின் தடையை அளக்கிற எர்த் மெகர் என்ற கருவி வேண்டும். றொட்டிலிருந்து வீட்டு எர்த் வயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும், அதற்கு முன் மெயினை நிறுத்த வேண்டும். டிரிப் போட்ட வீட்டுக்கு 200 ஓமுக்கு மேல் போனால் நம்பாதீர்கள். ஆவணியில் அளந்த கணக்கைச் சொல்கிறேன்.

மெகர் விலை கூட, ஒவ்வொருவரும் வாங்க ஏலாது என்பது தெரியும். என்னிடம் ஒன்று இருக்கிறது, பழசு, ஆனால் சரியாகக் காட்டும். வேண்டியவர்கள் காலையில் எடுத்துக்கொண்டு போங்கள், பின்னேரம் ஆணி இரண்டையும் கழுவித் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு பழைய வயரிங்காரன்