வாய் போட்ட சோறு

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. சின்னவள் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னதை எழுதியிருந்தாய். அவளை அடக்காதே. என்னையும் ஊரில் வாயாடி என்றுதான் சொன்னார்கள். இன்று அந்த வாய்தான் சோறு போடுகிறது.

போன மாதம் எனக்குப் பதவி உயர்வு. ஆஸ்பத்திரியின் உறுப்பு தானப் பிரிவில் இப்போது நான் மூத்த ஒருங்கிணைப்பாளர். இறந்தவரின் குடும்பத்தாரிடம் அப்படி என்னதான் பேசுவாய் என்று கேட்டிருந்தாயே, சொல்கிறேன்.

பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த பையன் என்று வைத்துக்கொள். உடம்பு சுடுகிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது. "உயிர் இருக்கேம்மா" என்கிறாள் தாய். மூச்சு விடுவது மெஷின், அதைக் கழற்றிச் சோதித்தபோது அவனாக மூச்சு எடுக்கவில்லை, 6 மணி நேரம் கழித்து மறுபடியும் சோதித்தார்கள், கையெழுத்துப் போட்ட 4 டாக்டர்களில் யாரும் உறுப்பு மாற்றுக் குழுவில் இல்லை என்று அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். பிள்ளை போய்விட்டான் என்பது மனதில் இறங்கிய பிறகுதான் தானப் பேச்சை எடுப்பேன். முடிவு பெரும்பாலும் பெரியப்பாவிடமோ தாய்மாமனிடமோ இருக்கும். அந்த ஆள் யார் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், நம் தெருவில் வளர்ந்தவளாயிற்றே! மறுத்தால் வற்புறுத்த மாட்டேன். போஸ்ட்மார்ட்டம், போலீஸ் காகிதம் எல்லாம் முடியும்வரை கூடவே நிற்பேன்.

2008-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவன் பெற்றோர் கொடுத்தது நினைவிருக்கிறதா? இன்றும் பலர் அந்தப் பையனைச் சொல்லித்தான் சம்மதிக்கிறார்கள். 2023 முதல் தமிழ்நாட்டில் இப்படி உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டு. சம்மதம் வாங்க அதை ஆசை காட்டுவது தப்பு என்பது என் எண்ணம். கையெழுத்துக்குப் பிறகே சொல்வேன்.

டாக்டர்கள் இங்கிலீஷில் பேசும் கூட்டத்தில் வாய் திறக்க எனக்கு முன்பெல்லாம் கூச்சம். ஒருநாள் நான் பேசுவதை ஓரமாக நின்று கேட்ட பெரிய டாக்டர், "புதுப் பசங்களுக்கும் இதைச் சொல்லிக் கொடும்மா" என்றார். இப்போது அவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன், தமிழில்தான். கூச்சம் போன இடம் தெரியவில்லை.

சின்னவளை லீவுக்கு இங்கே அனுப்பு. ஆசை தீரப் பேசட்டும், எனக்கும் பொழுது போகும். அப்புறம், முட்டிவலிக்கு எக்ஸ்ரே எடுத்தாயா, இன்னும் தைலம்தானா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் வாயாடி