9800எக்ஸ்3டி பற்றிக் கேட்டாய் அல்லவா

உவர்மலை,
திருகோணமலை.
02.11.2024

அன்பின் மச்சான்,

நீ எழுதினது கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். மாரி தொடங்கிவிட்டது, பின்னேரமானால் மழை, மழையோடு கரண்டும் போய்ப்போய் வருகிறது. மட்டக்களப்பிலும் அதே கதையாகத்தான் இருக்கும். பெடியன் ஓ.எல். படிக்கிற நேரத்தில் கேமும் கேட்கிறான் என்று எழுதியிருந்தாய். அதை நீயும் அவனும் தீர்த்துக்கொள்ளுங்கள். உன் பழைய ரைசன் 5 3600 புரொசெசரை மாற்றி, அவன் கேமுக்கும் உன் கலியாண வீடியோ வேலைக்கும் சேர்த்து 9800எக்ஸ்3டி வாங்கலாமா என்று கேட்டாய், நான் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தீபாவளியன்று ஏஎம்டி கம்பனி அதை அறிவித்துவிட்டது. ரைசன் 7 9800எக்ஸ்3டி வருகிற 7 ஆம் திகதி விற்பனைக்கு வருகிறது, விலை 479 டொலர். 8 கோர் (கணக்குப் போடுகிற பகுதி), 16 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை), உச்ச வேகம் 5.2 கிகாஹேர்ட்ஸ், 120 வாட். நீ ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இந்த முறை உள்ளே உண்மையாகவே ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி, 2023 ஏப்ரலில் வந்த 7800எக்ஸ்3டி இரண்டிலும் மேலதிக 64 எம்பி கேஷ் (புரொசெசருக்குள்ளேயே இருக்கிற வேகமான சிறு நினைவகம்) கோர்கள் உள்ள சில்லுக்கு மேலே ஒட்டப்பட்டிருந்தது. கோரின் சூடு அந்தப் படலத்தைத் தாண்டித்தான் மூடிக்கு வரவேண்டும். அதனால்தான் வேகத்தைக் குறைத்து, ஓவர்குளொக்கை (நாமே வேகத்தைக் கூட்டுவதை) பூட்டி, வெப்ப எல்லையை 89, 90 பாகையில் நிறுத்தி வைத்தார்கள். இப்போது கேஷ் கீழே, கோர் மேலே. சூடு நேரே மூடிக்குப் போகிறது. அடிப்படை வேகம் 4.2 இலிருந்து 4.7 ஆகிவிட்டது, பூட்டும் கழன்றுவிட்டது. மிக அழகான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தக் கேஷ் எதற்கு உதவும் என்பதில்தான் நீயும் நானும் வேறுபடுகிறோம். கேம் ஓடும்போது புரொசெசர் சின்னச்சின்னத் தரவுகளை அங்குமிங்குமாகத் திரும்பத்திரும்பத் தேடும். எல்3 என்கிற அந்தக் கேஷில் இருந்தால் பத்துச் சொச்சம் நானோ விநாடியில் கிடைத்துவிடும், ரேமுக்குப் போய்வர எழுபது எண்பது ஆகும். புரொசெசரின் சொந்த 32 எம்பியோடு இந்த 64உம் சேர்ந்து 96 எம்பி இருந்தால் ரேமுக்குப் போகிற தடவைகள் குறையும், ஃபிரேம் (விநாடிக்கு வருகிற படங்கள்) கூடும். கலியாண வீடியோ எக்ஸ்போர்ட் பண்ணும்போது நடப்பது வேறு. தரவு வரிசையாக வந்து, ஒருமுறை பயன்பட்டு, போய்விடும், திரும்பத் தேடுவது குறைவு. அங்கே அந்த 64 எம்பி சும்மா கிடக்கும். அதே 8 கோர் உள்ள 359 டொலர் 9700எக்ஸும் அந்த வேலையை ஏறக்குறையச் செய்துவிடும்.

7800எக்ஸ்3டியை விடச் சராசரியாக 8 வீதம், இன்டெலின் புதிய உச்ச மொடலான 285கேயை விட 20 வீதம் கேமில் வேகம் என்று கம்பனி சொல்கிறது. கேம்களைத் தெரிவு செய்ததும் கம்பனிதான். அடுத்த கிழமை வெளியாட்கள் பரிசோதித்து எண்களைப் போடுவார்கள். அவர்கள் ஆர்டிஎக்ஸ் 4090 என்கிற மிக வேகமான கிராஃபிக்ஸ் காட்டைப் பூட்டி, 1080பி என்கிற குறைந்த ரெசலூஷனில் ஓட்டுவார்கள். அது சரியான முறைதான், கிராஃபிக்ஸ் காட் தடையாக இல்லாவிட்டால்தான் புரொசெசர்களுக்கு இடையில் உள்ள வித்தியாசம் தெரியும். உன்னிடம் இருப்பது அதைவிட மெதுவான 3060 காட். அந்த வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நீ பார்க்கப்போகிற இடைவெளி உன் வீட்டு மேசையில் அப்படியே கிடைக்காது.

ஆகவே முதலில் சோதித்துப் பார். வி-சிங்கையும் (ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு பூட்டுகிற செட்டிங்) ஃபிரேம் கட்டுப்பாட்டையும் நிறுத்திவிட்டு, பெடியன் வழமையாக விளையாடுகிற கேமை வழமையான செட்டிங்கில் ஓட்டு. ஆல்ட், ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் என்விடியாவின் எண்கள் திரையில் வரும். ஜிபியு (காட்டின் சில்லு) பாவனை 97, 98 வீதத்தில் நின்றால் காட்தான் தடை, எந்தப் புரொசெசர் மாற்றினாலும் ஃபிரேம் கூடாது. 60, 70 வீதத்தில் நின்றால் புரொசெசர் பின்தங்குகிறது. உறுதிப்படுத்த, ரெசலூஷனை 720பிக்கு இறக்கிப் பார். ஃபிரேம் ஏறினால் காட், ஏறாமல் அப்படியே நின்றால் புரொசெசர். சராசரியை மட்டும் பார்க்காதே, 99 ஆம் சதமான எண்ணையும் (மிக மெதுவாக ஓடிய தருணங்களின் ஃபிரேம்) குறித்துக்கொள். சண்டை நடக்கும் இடத்தில் இழுக்கிறது என்று பெடியன் சொல்வது அந்த எண்ணில்தான் தெரியும்.

என் கணிப்பு, பெரிய படம் போன்ற கேம்களில் காட்தான் முட்டும், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, வலோரன்ட் இரண்டிலும் உன் 3600 முட்டும். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வைத்திருக்கிறீர்கள், அந்த இரண்டிலும் குறைந்த செட்டிங்கில் விளையாடுகிறான். 3600இல் 32 எம்பி எல்3 என்று பெட்டியில் போட்டிருந்தாலும், உள்ளே அது 16, 16 ஆகப் பிரிந்திருக்கிறது, மூன்று மூன்று கோருக்கு ஒன்று. ஒரு பக்கத்துக் கோருக்கு மற்றப் பக்கத்தில் உள்ளது வேண்டுமென்றால் சுற்றித்தான் வரவேண்டும்.

இப்போது காசுக் கணக்கு. டொலர் 293 ரூபாய் என்று வை. 479 டொலர் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம். அமெரிக்க விலையில் வரி இல்லை, இங்கே 18 வீத வற் சேர்ந்தால் ஒரு இலட்சத்து அறுபத்தையாயிரத்தைத் தாண்டும். கடைக்காரரின் இலாபம் அதற்கு மேல். பெட்டிக்குள் கூலரும் இல்லை. உன் பி450 மதர்போட் ஏஎம்4 என்கிற பழைய சொக்கெட் உள்ளது, அதில் இது ஏறாது, புதிய ஏஎம்5 சொக்கெட் உள்ள போட் ஒன்று வேண்டும், உன் 32 ஜிபி டிடிஆர்4 ரேமும் அதோடு போய்விடும். போட்டுக்கு 150, டிடிஆர்5 32 ஜிபிக்கு 100 டொலர் அளவில் பிடித்தால், எல்லாமாக இரண்டரை இலட்சம், அதுவும் இலாபம் சேர்க்காமல். 3060க்கு முன்னால் இரண்டரை இலட்சத்தை வைப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த வருடம் ஜனவரியில் 249 டொலருக்கு வந்த 5700எக்ஸ்3டியை யோசித்துப் பார். உன் போட்டிலேயே ஏறும், ரேம் அப்படியே இருக்கும். 8 கோரும் ஒரே 96 எம்பியைப் பகிர்ந்துகொள்ளும், 16, 16 என்ற பிரிவு இல்லை. உச்ச வேகம் 4.1 தான், பெட்டியில் இருக்கிற எண்ணைப் பார்த்து ஏமாந்துபோகாதே, கேமில் கேஷ் அதை ஈடுகட்டிவிடும். வற் சேர்த்து எண்பத்தாறாயிரம் அளவில் வரும். இதற்கும் கூலர் வராது, உன் பழைய ஸ்டெல்த் கூலர் போதாது. 120 மிமீ ஃபேன் உள்ள டவர் கூலர் ஒன்று போடு.

மாற்றும்போது வழமையாகப் பிழை நடக்கிற இடங்களைச் சொல்கிறேன். 3600 பூட்டியிருக்கும்போதே போட்டின் அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பித்துவிடு, பிறகு மாற்று. பென் டிரைவை ஃபட்32 ஆக ஃபோர்மட் செய், போட் தயாரித்த கம்பனியின் பக்கத்திலிருந்து உன் போட்டின் சரியான மொடலுக்கும் ரிவிஷனுக்கும் உரிய ஃபைலை இறக்கு, பயோஸுக்குள் இருக்கிற கருவியால் ஏற்று. யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே தொடாதே, நவம்பர் மழைக்கு நடுவில் கரண்ட் போனால் போட்டே போய்விடும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலே எழுதி வைத்துக்கொள். அந்தப் பூட்டின் இரகசியத்தைக் காக்கிற டிபிஎம் புரொசெசருக்குள் இருப்பதால், புதியதைப் பூட்டியதும் பழைய டிபிஎம் தரவை அழிக்கவா என்று கேட்கும், மீட்புச் சாவி இல்லாவிட்டால் டிஸ்க் திறக்காது. புதுப்பித்த பிறகு செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். எக்ஸ்எம்பியைத் திரும்பப் போடாவிட்டால் ரேம் மெதுவாகவே ஓடும். டிபிஎம், செக்கியுர் பூட் இரண்டையும் போடாவிட்டால் விண்டோஸ் 11 இல் வலோரன்ட் வான்9001 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். புரொசெசர்தான் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கூலரைக் கழற்றும்போதும் கவனம். பழைய பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கும். நேரே மேலே இழுத்தால் புரொசெசரும் சொக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், ஏஎம்4இல் பின்கள் புரொசெசரில் இருப்பதால் வளைந்துவிடும். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கு. ஓஃப் பண்ணி, வயரைக் கழற்றி, ஸ்குரூவை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகு. இளகினதும் தூக்கு. ரேமையும் ஒருக்கா கழற்றி, தங்கப் பூச்சு முனைகளை ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்துவிடு. உன் வீடு வாவிப் பக்கம், இங்கே கடற்கரையில் வருவது போலவே அங்கும் உப்புக் காற்றில் முனை கறுத்துப்போகும்.

உன் கலியாண வீடியோ வேலைக்கு வருகிறேன். டைம்லைன் திக்கித்திக்கி ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். அதற்குக் கேஷ் மருந்தில்லை. கமராவிலிருந்து வந்த ஒரு கிளிப்பை மீடியாஇன்ஃபோ என்கிற மென்பொருளில் திறந்து, குரோமா சப்சாம்ப்ளிங் (நிறத் தகவல் எவ்வளவு பதிவாகியிருக்கிறது) என்ற வரியைப் பார். எச்.265, 4:2:2, 10 பிட் என்றிருந்தால் உன் 3060 அதை விரிக்காது (சுருக்கிப் பதிந்த வீடியோவைத் திரும்ப எடுத்துத் தராது), முழுப் பாரமும் புரொசெசர் மேல் விழும். ஏஎம்டியின் உள்ளிணைந்த கிராஃபிக்ஸும் விரிக்காது. ஆகவே 9800எக்ஸ்3டி வாங்கினாலும் அந்தத் திக்கல் குறையுமே தவிரப் போகாது. இன்டெல் புரொசெசருக்குள் இருக்கிற குயிக்சிங் என்கிற வீடியோப் பகுதி இதை இலேசாக விரிக்கும். போன 24 ஆம் திகதி வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை கேமில் சோர்ந்துவிட்டது, அதைக் குறை சொல்பவர்கள் பிழையாகச் சொல்லவில்லை. ஆனால் எடிட்டிங் மட்டுமே செய்கிற ஒருவருக்கு 394 டொலர் 265கே மோசமான தெரிவு அல்ல. அதற்கு இப்போதைக்கு விலை கூடிய இசட்890 போட் மட்டும்தான் இருக்கிறது என்பதுதான் பெரிய குறை. எஃப் என்று முடிகிற மொடலை எடுத்துவிடாதே, அதில் கிராஃபிக்ஸ் இல்லை, குயிக்சிங்கும் இல்லை.

உனக்குக் காசு செலவில்லாத வழி இரண்டு. கமராவில் தெரிவு இருந்தால் 4:2:0 10 பிட்டில் எடு, அதை 3060 தானே விரிக்கும். கலியாண வீட்டு வேலைக்கு நிறத்தில் குறை தெரியாது. பழைய கிளிப்புகளுக்குப் புரொக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பாவிக்கிற இலேசான நகல்) போடு. பிரீமியரில் இம்போர்ட் பண்ணினதும் அரை அளவில், புரோரெஸ் புரொக்ஸி வடிவில், இரவு முழுக்க ஓட விடு. டிஸ்க்கில் இடம் பிடிக்கும், ஆனால் காலையில் டைம்லைன் எண்ணெய் போட்டது போல ஓடும். எக்ஸ்போர்ட் அசல் கிளிப்பிலிருந்துதான் போகும்.

ஏஎம்5 சொக்கெட்டை 2027 வரைக்கும் அதற்குப் பிறகும் வைத்திருப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால் இப்போதே அதில் இறங்கவேண்டும் என்கிறாய். சொக்கெட் பற்றிய உன் பேச்சு சரி, ஏஎம்4 எத்தனை வருடம் ஓடியது என்று நாங்கள் பார்த்தோம். ஆனால் அதே காரணத்துக்காகத்தான் முதல் நாளே உச்சியில் உள்ளதை வாங்கத் தேவையில்லை என்கிறேன். 229 டொலருக்கு வந்த ரைசன் 5 7600 இன்று அதைவிடக் குறைவு, 6 கோர், 65 வாட், கூலர் பெட்டிக்குள்ளேயே வரும். அதோடு தொடங்கி, நல்ல காட் வாங்குகிற காலத்தில் எக்ஸ்3டி ஒன்றை அதே போட்டில் போடலாம். எக்ஸ்3டி வகை வந்த புதிதில் விலை இறங்காது, கொழும்புக்கு வந்து சேரும்போது இன்னும் கூடும். 7800எக்ஸ்3டியே இப்போது வந்தபோதிருந்த 449 டொலருக்கு மேலே ஏறி நிற்கிறது, சரக்கு வற்றிவிட்டது.

அப்படி ஏஎம்5க்குத்தான் போகிறாய் என்றால் ரேம் இரண்டு துண்டு மட்டும், 16, 16, டிடிஆர்5-6000 சிஎல்30, எக்ஸ்போ (ரேமை முழு வேகத்தில் ஓட்டுகிற செட்டிங்) உள்ளது. நான்கு துண்டு போட்டால் வேகம் 3600க்கு விழும். புரொசெசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் துளைகளில் போடு. முதல் தடவை ஓன் பண்ணினதும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். போட் ரேமைப் பழக்குகிறது, பயந்து ஓஃப் பண்ணாதே. உள்ளே போனதும் எக்ஸ்போவைப் போடு. ஏஎம்4 காலத்து டவர் கூலர் சொந்தப் பின்தட்டோடு வருகிற வகையென்றால் ஏஎம்5இல் ஏறாது, அங்கே பின்தட்டு சொக்கெட்டைப் பிடித்திருப்பதால் கழற்ற முடியாது.

வெப்ப எண்களை வெளிநாட்டு வரைபடத்தில் பார்க்கும்போது எட்டுப் பத்துப் பாகை கூட்டிக்கொள். அவர்கள் அறை 22, 23, எங்கள் அறை ஏசி இல்லாமல் 31. கொழும்பில் பம்பலப்பிட்டியில் வாங்குவதாக இருந்தால் பெட்டியோடு வருகிறதா, ட்ரேயா (பெட்டியில்லாத வெறும் புரொசெசர்) என்று முதலில் கேள். ட்ரே என்றால் கூலர் இல்லை. உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதென்றால் கடையே மாற்றுமா, ஏஜென்டுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா, கூரியர் காசு யார் கட்டுவது, இந்த மூன்றையும் பில்லில் எழுதச் சொல்.

720பி சோதனையின் எண்கள், போட்டின் மொடலும் ரிவிஷனும், இப்போதைய பயோஸ் பதிப்பு, மீடியாஇன்ஃபோவில் வந்த அந்த வரி, இவ்வளவையும் எழுதி அனுப்பு. 7 ஆம் திகதிக்குப் பிறகு வருகிற பரிசோதனைகளையும் பார்த்துவிட்டு, 5700எக்ஸ்3டியா, 7600ஆ என்று சேர்ந்து முடிவெடுப்போம். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கூட்டாளி